மலையடிவாரக் குளத்தில் நன்னீர் இறால்: பழனிப் பக்கத்து விவசாயிக்கு முழு வழிகாட்டி

ஆயக்குடி, பாலசமுத்திரம், நெய்க்காரப்பட்டி, அய்யம்பாளையம் என்று பழனி மலையைச் சுற்றியுள்ள ஊர்களில் பண்ணைக்குட்டை இல்லாத தோட்டம் இப்போது குறைவு. கட்லா, ரோகு விட்டுப் பழகியவர்கள் அடுத்ததாகக் கேட்பது, "இறால் விடலாமா?" என்பதுதான். விடலாம். ஆனால் கடலோரத்தில் வனாமி என்னும் உவர்நீர் இறாலை வளர்ப்பவர்களின் கணக்கை அப்படியே எடுத்துவந்தால் தீவனச் செலவு ஏறும், இறால் ஏறாது. இங்கே வெப்பநிலை வேறு, தண்ணீரின் குணம் வேறு, சந்தை வேறு. வளர்க்க வேண்டிய இனமும் வேறு.

நான் சொல்லப்போவது ஸ்கேம்பி என்று வியாபாரிகள் சொல்லும் பெரிய நன்னீர் இறாலைப் பற்றி. வேம்பநாட்டுக் காயல் பக்கம் ஆற்றுக்கொஞ்சு என்பார்கள். முட்டை பொரித்த முதல் சில வாரங்கள் மட்டும் இதற்கு உவர்நீர் வேண்டும். அதைத் தாண்டிவிட்டால் மீதி வாழ்நாள் முழுக்க நல்ல தண்ணீரில் வளரும். ஆகவே விவசாய நிலத்துக்குள் உப்பைக் கொண்டுவர வேண்டியதில்லை. வனாமிக்காகக் கிணற்று நீரில் உப்பைக் கலக்கும் யோசனையை யாராவது சொன்னால் தயவுசெய்து கேட்காதீர்கள். தென்னைக்கும் கொய்யாவுக்கும் நடுவே உப்புக்குளம் வைத்தால் நிலமும் கிணறும் சேர்ந்து கெடும். அனுமதியில்லாத வெளிநாட்டு நன்னீர் நண்டு, கல் இறால் வகைகளையும் தொட வேண்டாம். ஒரு மழையில் கரை உடைந்து அவை ஓடையில் இறங்கினால் திரும்பப் பிடிக்க முடியாது.

எந்த உயரம் வரை?

இந்த இறாலுக்குப் பிடித்த தண்ணீர் 28 முதல் 31 டிகிரி செல்சியஸ். 20-ஐ நெருங்கினால் வளர்ச்சி நின்றுபோகும். 14-க்குக் கீழே உயிர் போகும். மேல் பக்கம் 35-ஐத் தாண்டினாலும் ஆபத்து.

இதை வைத்துப் பார்த்தால் முடிவு எளிது. 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கும் கொடைக்கானலில் இறால் குளம் வேண்டவே வேண்டாம். ஆயிரம் மீட்டருக்கு மேலே உள்ள தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கத்துக் காபித் தோட்டக் குட்டைகளும் ஆகாது. சித்திரையில் வெயில் அடிக்கிறதே என்று நினைக்கலாம். பகலில் காற்று சூடாகும், ஆனால் இரவுக் குளிரில் தண்ணீர் அந்தச் சூட்டை இழந்துவிடும். மேல் மலையில் இருப்பவர்கள் குளிர் தாங்கும் மீன் வகைகளைப் பற்றி மீன்வளத் துறையிடம் பேசுவது நல்லது.

நமக்கு உகந்தது அடிவாரம்: பாலாறு பொருந்தலாறு, வரதமாநதி, குதிரையாறு, பரப்பலாறு, மருதாநதி ஆகிய அணைகளுக்குக் கீழே உள்ள நிலங்கள். இங்கேயும் மார்கழி, தை விடியலில் குளத்து நீர் 22, 23 டிகிரிக்கு இறங்கும். ஆகவே வருடம் முழுக்க வளர்க்கலாம் என்று எண்ணாமல், ஒரு வெயில் பருவத்தில் ஒரு போகம் என்று திட்டமிடுங்கள். காட்டு எல்லையை ஒட்டிய நிலம் என்றால் இன்னொரு யோசனையும் வேண்டும். கோடையில் யானை தண்ணீருக்கு இறங்கும் பாதையில் குளம் வெட்டினால் கரையும் நிற்காது, நிம்மதியும் இருக்காது.

மாதக் கணக்கு

மாசி தொடக்கத்தில் சிறு குஞ்சுகளை நாற்றங்கால் குளத்தில் விட வேண்டும். பங்குனிக் கடைசியில், ஒன்று அல்லது ஒன்றரை கிராம் எடை வந்ததும் பெரிய குளத்துக்கு மாற்ற வேண்டும். ஆடிக் கடைசியில் முதல் பிடிப்பு. ஆவணி முடிவதற்குள் பெரும்பகுதியை விற்றுவிட வேண்டும்.

ஏன் ஆவணி? புரட்டாசி பிறந்தால் பாதி வீட்டில் கவுச்சி இல்லை. கார்த்திகையில் மாலை போடுகிறார்கள், தையில் பூசத்துக்கு விரதம். பழனியைச் சுற்றி விற்க நினைப்பவர் பஞ்சாங்கத்தைப் பார்க்காமல் குஞ்சு விடக் கூடாது. கொஞ்சம் இறாலை ஐப்பசி, தீபாவளிக்கு நிறுத்திவைக்கலாம். அதற்கு மேல் வடகிழக்குப் பருவமழையும் குளிரும் வந்துவிடும். அப்போது போடும் தீவனம் எடையாக மாறாது.

குளம்

அரை ஏக்கர் நல்ல தொடக்கம், கிட்டத்தட்ட 2,000 சதுர மீட்டர். நீளவாக்கில் வெட்டுங்கள். அகலம் குறைவாக இருந்தால் இழுவலை போட வசதி. ஆழம் சமவெளியில் ஒரு மீட்டர் போதும் என்பார்கள். அடிவாரத்தில் 1.2 முதல் 1.4 மீட்டர் வைப்பது என் விருப்பம். ஆழம் கூடினால் இரவுக் குளிரும் சித்திரை வெயிலும் தண்ணீரை அவ்வளவு சீக்கிரம் ஆட்டாது. தரை ஒரு பக்கம் சரிந்து மதகில் முடிய வேண்டும். குழிகள் விட்டால் கடைசி அறுவடையில் இறால் அதில்தான் ஒளியும்.

செம்மண் நிலத்தில் தண்ணீர் நிற்காது. ஏரி வண்டல் அள்ள அனுமதி வாங்கி, அடித்தரையிலும் உள்கரையிலும் பரப்பி, ஈரத்தோடு மிதித்து இறுக்குங்கள். வெறும் பிளாஸ்டிக் தாள் விரித்த குட்டையில் இறால் பிழைக்கும். ஆனால் மண்ணிலிருந்து கிடைக்கும் புழு பூச்சிகளை இழந்துவிடும், தீவனச் செலவு கூடும். தாள் தவிர வழியில்லை என்றால் மேலே அரை அடி மண் போடுங்கள்.

குளத்தை முழுதாகக் காயவிட்டு, தரை வெடிக்கும் வரை வெயில் காட்டுவதுதான் முதல் சுத்தம். வடியாத குட்டம் இருந்தால் விரால், குரவை, கெளுத்தி எல்லாம் அதில் உட்கார்ந்திருக்கும். அந்த இடத்துக்கு இலுப்பைப் புண்ணாக்கு போடலாம்: ஒரு கன மீட்டர் தண்ணீருக்குக் கால் கிலோ. ஊறவைத்துக் கரைத்துத் தெளித்தால் சில மணி நேரத்தில் மீன் செத்து மிதக்கும். நஞ்சு இறங்க மூன்று வாரம் ஆகும், அதுவரை குஞ்சு விடக் கூடாது. பிறகு அதுவே எருவாகிவிடும்.

சுண்ணாம்பு, மண்ணின் காரத்தன்மையைப் பார்த்துப் போட வேண்டியது. நடுநிலையான மண்ணுக்கு அரை ஏக்கருக்கு நூறு கிலோ வேளாண் சுண்ணாம்பு, புளிப்பு மண்ணுக்கு அதைவிடக் கூடுதல். பிறகு வலை கட்டிய குழாய் வழியாக நீர் விட்டு, மக்கிய சாணத்தைக் கரைத்து ஊற்றுங்கள். பத்துப் பதினைந்து நாளில் நீர் இளம்பச்சையாக மாறும். ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள். 25 முதல் 40 சென்டிமீட்டரில் அது கண்ணுக்கு மறைந்தால் குளம் தயார்.

நீர்க்காகத்துக்கும் மீன்கொத்திக்கும் மேலே நைலான் கயிறு, பாம்புக்கும் நண்டுக்கும் சுற்றிலும் இரண்டடி வலை.

தண்ணீரின் குணம்

இங்கேதான் நம் ஊர்க் குளம் மற்ற ஊர்க் குளத்திலிருந்து பிரிகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பழனி மலை பெரும்பாலும் சார்னோகைட் என்னும் கடும்பாறை. அதன் மேல் ஓடிவரும் ஓடைத் தண்ணீரில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. சோப்புப் போட்டால் நுரை பொங்கும், குடிக்க இனிக்கும். இறாலுக்கு மட்டும் அது போதாது. இறால் தன் ஓட்டைக் கழற்றிவிட்டு ஒவ்வொரு முறையும் புது ஓடு கட்ட வேண்டும், அதற்குச் சுண்ணாம்புச் சத்து தண்ணீரிலும் இருக்க வேண்டும். மென்னீரில் ஓடு இறுக நேரமாகும், மெத்தென்றிருக்கும் இறாலை மற்றவை தின்னும்.

அதற்கு நேர்மாறாக, கீழே இறங்க இறங்க ஆழ்துளைக் கிணற்று நீர் கடினமாகிக்கொண்டே போகும். அதிலும் தொல்லை உண்டு. லிட்டருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் கடினத்தன்மை போனால் இறாலின் வளர்ச்சி குன்றும், ஓட்டின் மேல் பாசியும் நுண்ணுயிர்களும் படிந்து பூஞ்சை பிடித்ததுபோல் தெரியும். நமக்கு வேண்டியது 30-க்கும் 150-க்கும் இடையில். ஓடைத் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் இரண்டும் இருப்பவர் கலந்து விடலாம். அடிவாரத்து விவசாயிக்கு இருக்கும் பெரிய வசதியே இதுதான். ஓடைநீர் மட்டும் உள்ளவர் இறால் விட்ட பிறகு டோலமைட் அல்லது வேளாண் சுண்ணாம்பை அரை ஏக்கருக்கு 20, 25 கிலோவாகத் தவணை தவணையாகப் போட்டு, மறுபடி அளந்து பார்க்கட்டும். சுட்ட சுண்ணாம்பை இறால் இருக்கும் குளத்தில் போடவே கூடாது.

மென்னீருக்கு இன்னொரு குணம்: காரத்தன்மை காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பாசி அதிகமான குளத்தில் பிற்பகல் பிஎச் 9-ஐத் தாண்டிவிடும், சின்னக் குஞ்சுகள் அதைத் தாங்காது. பிஎச் 7 முதல் 8.5 வரை என்பது இலக்கு. காலை ஆறு மணிக்கும் மாலை மூன்று மணிக்கும் அளந்தால்தான் உண்மை தெரியும். ஒரு வேளை அளந்து எழுதிவைப்பதில் பயனில்லை.

அடுத்தது மருந்து. இறால் பூச்சி இனத்துக்கு உறவு. பூச்சியைக் கொல்வது இறாலையும் கொல்லும், மீன் பிழைத்துக்கொள்ளும் அளவிலேயே இறால் செத்துவிடும். மேல் மலையில் கேரட், முட்டைக்கோசு, பீன்ஸ் காடுகளுக்கு அடித்த மருந்து முதல் மழையோடு ஓடையில் இறங்கும். அதனால் முதல் இரண்டு மழைத் தண்ணீரைக் குளத்துக்குத் திருப்பாதீர்கள். காபிக்கும் ஆரஞ்சுக்கும் அடிக்கும் போர்டோ கலவையில் தாமிரம் உண்டு. மென்னீரில் தாமிரத்தின் நஞ்சு இன்னும் வீரியமாக இருக்கும். பாசியைக் கொல்ல மயில்துத்தம் போடும் பழக்கம் மீன் குளத்தில் சிலருக்கு உண்டு, இறால் குளத்தில் அந்தப் பேச்சே வேண்டாம். மாந்தோப்புக்கு மருந்தடிக்கும் நாளில் காற்று எந்தப் பக்கம் என்று பாருங்கள். உண்ணி மருந்து தடவிய மாட்டைக் குளத்தில் இறக்கிக் கழுவாதீர்கள். மாட்டு உண்ணிக்குப் போடும் பைரித்ராய்டு வகை மருந்து கொஞ்சம் கரைந்தாலே ஒரு குளத்து இறாலும் போய்விடும்.

குஞ்சு வாங்குவது

பொரிப்பகங்கள் கடலோரத்தில்தான் இருக்கும், பொரித்த புதிதில் குஞ்சுகளுக்கு உவர்நீர் தேவை என்பதால். இரண்டு மாதம் முன்பே சொல்லிவையுங்கள். வெள்ளை வால் நோய்க் கிருமி இல்லை என்ற பிசிஆர் பரிசோதனைச் சான்று இல்லாமல் வாங்க வேண்டாம். அந்த நோய் வந்த குஞ்சுகளின் வால் சதை பால் போல் வெளுத்து, சில நாளில் கூட்டமாகச் சாகும். மருந்து கிடையாது. புவனேஸ்வரத்தில் உள்ள மத்திய நன்னீர் மீன்வள ஆராய்ச்சி நிலையமான சிஃபா, தேர்வு இனப்பெருக்கம் மூலம் மேம்படுத்திய ஸ்கேம்பியை உருவாக்கியிருக்கிறது. அந்த வழியில் வந்த குஞ்சு கிடைத்தால் அதற்கு முன்னுரிமை கொடுங்கள். ஆண் குஞ்சுகள் மட்டும் கிடைத்தால் இன்னும் நல்லது, காரணம் பின்னால் வரும்.

இரவுப் பயணமாக எடுத்துவாருங்கள். விடியும்போது குளத்துக்கு வந்துசேர வேண்டும். பைகளை அவிழ்க்காமல் அரை மணி நேரம் நீரில் மிதக்கவிட்டு, பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பைக்குள் சேர்த்து, குஞ்சுகள் தாமாக நீந்தி வெளியே வரும்படி விடுங்கள். கடலோரத்துச் சூட்டிலிருந்து அடிவாரக் குளிருக்கு வருகிற குஞ்சுகள் இவை. இந்த ஒரு மணி நேரத்தில் அவசரப்பட்டால் சேதம் மறுநாள் தெரியாது, குஞ்சு மிகச் சின்னது, செத்தது கண்ணில் படாது. ஒரு வாளி நீரில் நூறு குஞ்சைத் தனியாக வைத்து இரண்டு நாள் பார்த்தால் எத்தனை பிழைத்தன என்ற கணக்கு கிடைக்கும்.

நாற்றங்கால்

பெரிய குளத்தில் 8,000 இளம் இறால் விடுவது நம் கணக்கு, அதாவது சதுர மீட்டருக்கு நான்கு. அதற்கு 11,000 முதல் 12,000 சிறு குஞ்சு வாங்கினால் சரியாக இருக்கும். ஐந்து சென்ட் அளவில் ஒரு சின்னக் குளம் போதும். மாசி இரவுகள் இன்னும் குளிர்வதால் மூங்கில் வளைவு கட்டி மேலே பாலித்தீன் தாள் போட்டால் இரவுச் சூடு வெளியே போகாது. பகலில் இரண்டு பக்கமும் திறந்துவிட வேண்டும்.

முதல் வாரம் குளத்து நுண்ணுயிர்தான் முக்கிய உணவு. கூடவே 35 முதல் 40 சதவீதம் புரதம் உள்ள நொறுக்குத் தீவனம், நாளுக்கு 200 கிராம், மூன்று நான்கு வேளையாகப் பிரித்து. குஞ்சின் மொத்த எடைக்கு இது மிக அதிகம் என்று தோன்றும். ஆனால் இந்தப் பருவத்தில் குஞ்சு தீவனத்தைத் தேடி ஓடாது, தீவனம் அதன் பக்கத்தில் விழ வேண்டும். வாரா வாரம் கூட்டிக்கொண்டே போய், ஏழாவது வாரத்தில் நாளுக்கு ஒரு கிலோவைத் தாண்டியிருக்கும். தென்னை ஓலையைக் கட்டாகக் கட்டித் தொங்கவிடுங்கள். ஓடு கழற்றிய குஞ்சு ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தான் ஒன்றை ஒன்று தின்பது குறையும். அய்யம்பாளையத்துப் பக்கம் ஓலைக்குப் பஞ்சமில்லை. அழுகத் தொடங்கியதும் மாற்றிவிடுங்கள்.

தீவனம்: எது, எவ்வளவு, எப்போது

பெரிய குளத்தில் வேண்டியது 28 முதல் 32 சதவீதம் புரதம் உள்ள, தண்ணீரில் மூழ்கும் குச்சித் தீவனம். இறால் மீனைப்போல் லபக்கென்று விழுங்காது. காலால் எடுத்து, வாயருகே வைத்துக் கொறிக்கும். அதனால் தண்ணீரில் இரண்டு மணி நேரமாவது கரையாமல் நிற்க வேண்டும். ஒரு கண்ணாடித் தம்ளரில் பத்துக் குச்சியைப் போட்டுப் பாருங்கள். அரை மணியில் குழைந்தால் அந்த மூட்டையைத் திருப்பிக் கொடுங்கள்.

சொந்தமாகச் செய்ய நினைப்பவருக்கு ஒரு கலவை: சோயாப் புண்ணாக்கு 25 கிலோ, கடலைப் புண்ணாக்கு 20, மீன்தூள் 15, எண்ணெய் எடுக்காத அரிசித் தவிடு 28, மரவள்ளி மாவு 10, தாது உப்பும் வைட்டமினும் சேர்ந்து 2. நல்ல பொருள் போட்டால் புரதம் 30 சதவீதத்துக்குக் குறையாது. மரவள்ளி மாவைக் கூழாகக் காய்ச்சிப் பிசைந்து, முறுக்கு பிழிவதுபோல் இயந்திரத்தில் பிழிந்து, நிழலில் உலர்த்துங்கள். கடலைப் புண்ணாக்கில் பூசணம் பிடித்திருந்தால் அதில் அஃப்லாடாக்சின் நஞ்சு இருக்கும். அடிவாரத்து ஈரக்காற்றில் இது சீக்கிரம் வரும். மூட்டையைத் தரையிலும் சுவரிலும் படாமல் பலகை மேல் அடுக்குங்கள், ஒரு மாதத்துக்கு மேல் சேமிக்காதீர்கள். கோழிக்கடைக் கழிவு, ஓட்டல் மிச்சம், பச்சை நத்தை எல்லாம் மலிவாகத் தெரியும். அவை குளத்தின் அடியில் சேர்ந்து தண்ணீரைக் கெடுப்பதைப் பார்த்தால் மலிவு இல்லை.

அளவு எடையைப் பொறுத்தது. சராசரி எடை 5 கிராம் வரை மொத்த எடையில் 7 சதவீதம், 5 முதல் 15 கிராம் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 3 சதவீதம். நம் குளத்தில் வைத்துப் பார்ப்போம். தொடக்கத்தில் 8,000 இறால், ஒன்றரை கிராம், மொத்தம் 12 கிலோ. தீவனம் 840 கிராம். இரண்டு மாதம் கழித்து 6,000 இறால் உயிரோடு, தலைக்கு 10 கிராம் என்று வையுங்கள். 60 கிலோவுக்கு 3 கிலோ தீவனம். 5,000 இறால் 25 கிராமில் நிற்கும்போது 125 கிலோ, தீவனம் 3 கிலோ 750 கிராம். இறால் எடை இரண்டு மடங்குக்கு மேல் கூடியும் தீவனம் கால் பங்குதான் கூடியிருக்கிறது. வளர்ந்த இறாலுக்குக் கூடுதலாகக் கொட்டுகிறவர்கள் இந்த இடத்தில்தான் பணத்தை இழக்கிறார்கள். முழுப் போகத்துக்கும் ஒரு கிலோ இறாலுக்கு இரண்டு முதல் இரண்டரை கிலோ தீவனம் என்ற அளவில் முடிந்தால் நல்லது.

இந்தக் கணக்கை நடத்த, பதினைந்து நாளுக்கு ஒரு முறை வீச்சுவலை போட்டு நூறு இறாலை எடை பாருங்கள். ஒரே இடத்தில் வீசாமல், கரையோரம், நடு, மதகுப் பக்கம் என்று பல இடத்தில்.

ஆனால் இதெல்லாம் தண்ணீர் 28 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளுக்கான கணக்கு. காலையில் வெப்பமானியை நீருக்குள் ஓரடி ஆழத்தில் பிடித்துப் பாருங்கள். 26-க்குக் கீழே வந்தால் அன்று கால் பங்கு குறையுங்கள். 24-க்குக் கீழே பாதி. 21, 22 என்றால் ஒரு கைப்பிடி போதும், அதையும் பிற்பகலில் போடுங்கள். ஆனி, ஆடியில் மலையிலிருந்து சாரலும் காற்றும் இறங்கும் நாட்களில் இரண்டு மூன்று டிகிரி சட்டென்று விழும். அட்டவணையை மட்டும் பார்ப்பவர் அன்றும் மூன்று கிலோ கொட்டுவார். தின்னாத தீவனம் அடியில் கிடந்து அழுகும், அம்மோனியா ஏறும், மூடிய வானத்தால் பாசி உயிர்வளி தராது. மறுநாள் விடியலில் இறால் கரையோரம் ஏறி நிற்கும். என் கணிப்பில் அடிவாரக் குளங்களில் நடக்கும் பெரும்பாலான சேதத்துக்கு வேர் இந்த ஒரு நாள் தீவனம்தான். வெப்பமானியின் விலை ஒரு மூட்டைத் தீவனத்தின் விலைக்குப் பக்கத்தில்கூட வராது.

இரண்டாவது சாட்சி தீவனத் தட்டு. இரண்டரை அடி சதுரக் கம்பிச் சட்டத்தில் கொசுவலை தைத்து, குளத்தின் நான்கு பக்கமும் ஒவ்வொன்று இறக்குங்கள். ஒவ்வொரு தட்டிலும் அந்த வேளைத் தீவனத்தில் நூறில் ஒரு பங்கு. இரண்டு மணி நேரம் கழித்துத் தூக்குங்கள். எல்லாத் தட்டும் காலி என்றால் மறுநாள் ஒரு பத்தில் ஒரு பங்கு கூட்டலாம். கால் பங்கு மிச்சம் என்றால் குறையுங்கள். பாதி மிச்சம் என்றால் அடுத்த வேளையை விட்டுவிடுங்கள். தட்டில் கழற்றிய ஓடுகள் நிறையக் கிடந்தால் இறால் ஓடு மாற்றுகிறது என்று அர்த்தம். அந்த இரண்டு நாள் பசி குறைவாகத்தான் இருக்கும்.

தட்டை முழுக்க நம்பவும் கூடாது. பெரிய ஆண் இறால் தட்டின் மேல் உட்கார்ந்துகொண்டு சின்னவற்றை விரட்டும். தட்டு காலியாக இல்லாவிட்டாலும் சின்ன இறால் பசியோடு இருக்கலாம். அதனால் தீவனத்தை ஒரே இடத்தில் குவிக்காமல், கரையிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் உள்ளே, சுற்றிலும் தூவ வேண்டும்.

நேரத்தைப் பொறுத்தவரை இறால் இரவு உண்ணி. மூன்றில் ஒரு பங்கு காலை ஏழு மணிக்கு மேல், மூன்றில் இரண்டு பங்கு மாலை ஆறு மணிக்கு மேல். இருட்டிய பிறகு டார்ச் அடித்துப் பாருங்கள், கரையோரம் சிவப்புக் கண்கள் மின்னும். அது தீவன நேரம்.

பெரியவன், சின்னவன் சண்டை

ஒரே நாளில் விட்ட குஞ்சுகள் நான்கு மாதத்தில் ஒன்று 60 கிராம், ஒன்று 8 கிராம் என்று நிற்கும். புதிதாக வளர்ப்பவர்கள் குஞ்சு சரியில்லை என்று நினைப்பார்கள். இது இந்த இனத்தின் இயல்பு. ஆண்களில் மூன்று வகை உண்டு. நீலக் கொடுக்கு ஆண், நீண்ட கொடுக்கோடு இடத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கும், அதற்குமேல் பெரிதாக வளராது. ஆரஞ்சுக் கொடுக்கு ஆண் வேகமாக வளர்ந்துகொண்டிருக்கும். மூன்றாவது, ஒதுங்கி வாழும் சின்ன ஆண். நீலக் கொடுக்கு குளத்தில் இருக்கும்வரை மற்றவை தலையெடுக்காது. அதை எடுத்துவிட்டால் ஆரஞ்சு நீலமாகும், சின்னது ஆரஞ்சாகி வளரத் தொடங்கும்.

இதனால்தான் ஒரே நாளில் மொத்தமாகப் பிடிப்பதைவிட, ஆடிக் கடைசியிலிருந்து பதினைந்து இருபது நாளுக்கு ஒரு முறை பெரிய கண் வலையால் பெரியவற்றை மட்டும் எடுப்பது லாபம். பெண் இறால் முட்டை சுமக்கத் தொடங்கினால் வளர்ச்சி மந்தமாகும், ஆகவே முட்டையோடு உள்ள பெரிய பெண்ணையும் எடுத்துவிடுங்கள். அந்த முட்டை பொரித்தாலும் நன்னீரில் குஞ்சு பிழைக்காது. முழுக்க ஆண் குஞ்சு விட்டால் முட்டைச் சிக்கல் இல்லை. பெரிய குளத்திலும் ஓலைக்கட்டு, பழைய குழாய்த் துண்டு, ஓட்டுக்குவியல் போட்டுவையுங்கள். மறைவிடம் கூடக் கூடச் சண்டை குறையும்.

கட்லா, ரோகுவோடு சேர்த்து வளர்க்கலாமா? வளர்க்கலாம், இறாலைப் பாதியாக, 4,000 ஆகக் குறைத்துக்கொண்டால். மீன் 400 விரலி, அதாவது விரலளவுக் குஞ்சு, போதும். மிர்கால், சாதாக் கெண்டை, திலேப்பியா வேண்டாம், அடித்தரையில் இறாலின் சாப்பாட்டுக்குப் போட்டியாக நிற்கும். மீனுக்குத் தவிடு, புண்ணாக்கைப் பையில் கட்டிக் காலையில் ஒரு மூலையில் தொங்கவிடுங்கள். இறால் தீவனத்தை முழுக்க இரவுக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் விலை உயர்ந்த குச்சித் தீவனத்தை ரோகு தின்றுவிடும்.

விடியல் வேலை

தினமும் வெளிச்சம் வருவதற்கு முன் ஒரு சுற்று. உயிர்வளி அந்த நேரத்தில்தான் மிகக் குறைவு. லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி, 3-க்குக் கீழே போனால் நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டரையோ, இல்லையென்றால் பம்பு வைத்துக் குளத்து நீரையே மேலே தூக்கி ஊற்றுவதையோ உடனே தொடங்க வேண்டும். இறால் கரையோரம் கூட்டமாக நின்று, கால் பட்டாலும் ஓடாமல் இருந்தால் கருவி தேவையில்லை, உயிர்வளி இல்லை என்று அதுவே சொல்கிறது. அன்று தீவனம் கிடையாது.

ஓட்டில் கருப்புப் புள்ளி, கொடுக்கும் மீசையும் முறிந்திருப்பது, செவுள் கருத்திருப்பது எல்லாம் அடிச்சேறு கெட்டதன் அடையாளம். பத்தில் இரண்டு பங்கு நீரை அடிமதகு வழியாக மாற்றி, தீவனத்தைக் குறைத்தால் அடுத்த ஓடு மாற்றத்தில் பெரும்பாலும் சரியாகும். கடைக்காரர் சொல்லும் ஆன்டிபயாட்டிக் எதையும் போடாதீர்கள். குளோரம்ஃபெனிகால், நைட்ரோஃபியூரான் வகைகள் நீர்வாழ் உயிரின வளர்ப்பில் தடை செய்யப்பட்டவை. கூட்டமாகச் செத்தால் செத்ததையும் உயிரோடு இருப்பதையும் தனித்தனியாக ஐஸில் வைத்து, மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலோ தமிழ்நாடு டாக்டர் ஜெ. ஜெயலலிதா மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையத்திலோ காட்டுங்கள். பண்ணையைத் துறையில் பதிவு செய்துகொள்வது முதல் நாளே செய்ய வேண்டியது. மானியமும் பயிற்சியும் அந்தப் பதிவின் வழியாகத்தான் வரும்.

பிடிப்பும் விற்பனையும்

முந்தின நாள் மாலைத் தீவனத்தை நிறுத்துங்கள். அதிகாலையில் வலை இழுங்கள். பிடித்த இறாலைக் கூடையில் போட்டு வெயிலில் வைத்தால் ஒரு மணி நேரத்தில் கெட்டுப்போகும். தலைக்குள் இருக்கும் செரிமான நொதிகள் வால் சதையைக் குழைத்துவிடும், சமைத்தால் மாவு போல் இருக்கும். இந்த இறாலுக்கு வரும் கெட்ட பெயரில் பாதி இதனால்தான். பக்கத்திலேயே பீப்பாயில் ஐஸும் தண்ணீரும் சமமாகக் கலந்து வைத்து, உயிரோடு கழுவி நேரே அதில் போடுங்கள். கால் மணியில் எடுத்து, ஐஸ் ஒரு அடுக்கு, இறால் ஒரு அடுக்கு என்று பெட்டியில் அடுக்கலாம்.

எடையில் பாதிக்கு மேல் தலையும் கொடுக்கும்தான். வாங்குகிறவருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், விலை பேசும்போது சண்டை வராது. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், பழனி அசைவ உணவகங்களில் பெரிய அளவுக்குத்தான் விலை. கொடைக்கானல் விடுதிகளுக்கு ஞாயிற்றுக்கிழமைக்கு முன் வெள்ளிக்கிழமை காலையில் ஏற்றி அனுப்புவது நடைமுறைக்கு ஒத்துவரும். ஐஸ் பெட்டியோடு மலை ஏறினால் மேலே குளிர் நமக்கு உதவிதான். சின்ன இறாலை விடுதிக்கு அனுப்பாமல் உள்ளூரிலேயே, உயிரோடு, குளத்தங்கரையில் விற்றுவிடுங்கள்.

கடைசிப் பிடிப்புக்கு இரவிலேயே மதகைத் திறந்து, விடியும்போது மதகுக் குழியில் மட்டும் தண்ணீர் நிற்கும்படி பாருங்கள். வடியும் நீரை ஓடையில் விடாமல் தென்னைக்குப் பாய்ச்சுங்கள், சத்துள்ள தண்ணீர் அது. குளம் காய்ந்ததும் அடியில் கருத்த சேற்றை வழித்துத் தோட்டத்துக்குப் போட்டுவிட்டு, தரையை உழுது, மழை தொடங்குவதற்குள் கரையையும் மதகையும் சரிசெய்து வையுங்கள். ஐப்பசித் தண்ணீர் நிரம்பட்டும். மாசியில் குஞ்சு விட அதுதான் உங்கள் இருப்பு.